வீட்டிலிருந்து லைவ் போட, குறைந்த செலவில் விளக்கு அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சேலை விற்பனை, டியூஷன், சமையல், பாட்டு வகுப்பு என்று எதற்காக லைவ் போட்டாலும், முகம் இருண்டு பின்சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தால் பார்ப்பவர் நகர்ந்து போய்விடுவார். இதைச் சரிசெய்ய சுமார் ஆயிரம் ரூபாய் போதும். கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை என எந்த ஊர் எலக்ட்ரிக்கல் கடையிலும் ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கிற பொருள்களை வைத்தே செய்துவிடலாம்.

பணத்தைவிட வரிசைதான் முக்கியம். புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முதல் வேலையாக ரிங் லைட் (வளைய வடிவ விளக்கு) வாங்குகிறார்கள். அப்புறம் அதை வைக்க இடம் தேடுகிறார்கள். இடம் சரியில்லை என்றதும் இன்னொரு விளக்கு வாங்குகிறார்கள். கீழே உள்ள வரிசையில் போனால் வாங்குவது கடைசியில்தான் வரும், அதுவும் குறைவாகவே வரும்.

ஒரு விஷயத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். வெளிச்சம் குறைந்தால் போன் கேமரா தன் உணர்திறனை ஏற்றிக்கொள்ளும். படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் வரும். லைவில் நெட் வேகத்துக்கு ஏற்பப் படம் சுருக்கப்படும்போது அந்தப் புள்ளிகள் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். போனில் பதிவு செய்த வீடியோவில் சுமாராக இருக்கும் முகம் லைவில் மோசமாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம். அதனால் நல்ல போனுக்குச் செலவழிக்கும் முன் விளக்கைச் சரிசெய்யுங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

வீட்டிலேயே இருப்பவை: ஒரு வெள்ளை வேட்டி (கரை மெலிதாக இருந்தால் நல்லது), துணிக் கிளிப், கொடிக்கயிறு, ஒரு ஸ்டூல், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

வாங்க வேண்டியவை: 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு, அவற்றுக்கான ஹோல்டர், ஒயர், பிளக், ஒரு பெரிய தெர்மாகோல் அட்டை, போன் ஸ்டாண்ட். ஆனால் 5-வது படிக்கு வரும்வரை கடைக்குப் போகாதீர்கள். இடம் முடிவானால்தான் எந்த விளக்கு, எவ்வளவு நீள ஒயர் என்பது தெரியும்.

2. எந்த நேரம் என்று முடிவு செய்யுங்கள்

பகலில் லைவ் போட்டால் ஜன்னல் போதும், பல்பு துணைக்குத்தான். இரவில் போட்டால் ஜன்னலை மறந்துவிடலாம். நம் மாவட்டத்தில் பலருக்கும் வாடிக்கையாளரோ உறவினரோ வளைகுடா நாடுகளில் இருப்பார்கள். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதியும் குவைத்தும் இரண்டரை மணி நேரம் பின்னால். அவர்கள் வேலை முடிந்து பார்க்க வேண்டுமென்றால் உங்களுக்கு இரவு 9 மணி தாண்டிவிடும். பகல் வெளிச்சத்தில் அமைத்துப் பார்த்துவிட்டு இரவில் லைவில் உட்காருபவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள். லைவ் போடப்போகும் அதே நேரத்தில் அமைத்துப் பாருங்கள்.

மாலை 5 முதல் 6:30 வரை தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஜன்னல் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கும், நிறமும் மாறும். தொடங்கும்போது சரியாக இருந்தது பாதியில் கெட்டுப்போகும்.

3. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதுகுக்கும் சுவருக்கும் நான்கைந்து அடி இடைவெளி வேண்டும். சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் உங்கள் நிழல் சுவரில் விழும். முகத்துக்கு அடிக்கும் விளக்கு சுவரையும் அதே அளவுக்கு வெளுக்க வைக்கும். அறை சிறியதென்றால் ஒரு மூலையை முதுகுக்குப் பின்னால் விட்டு, குறுக்காக உட்காருங்கள். அதே அறையில் கூடுதல் ஆழம் கிடைக்கும்.

சுவர் நிறத்தைப் பாருங்கள். பச்சை, நீலம், ரோஸ் என்று அழுத்தமான பெயின்ட் அடித்த அறைகள் நம் வீடுகளில் நிறைய. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவரின் நிறத்தோடுதான் திரும்பும். கன்னத்தில் பச்சை படிந்தால் எந்த விளக்காலும் போகாது. வேறு அறை இல்லையென்றால், உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும் சுவரை வெள்ளைத் துணியால் மூடுங்கள். பின்சுவர் எந்த நிறமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஓட்டு வீடு என்றால் மேலே வெளிச்சத்தைத் திருப்பித் தர வெள்ளைக் கூரை கிடையாது. ஓடும் கருத்த மரமும் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதனால் விளக்கை மேலே திருப்பி அடிக்கும் உத்தியை அங்கே முயல வேண்டாம். நேராக முகத்துக்கு வரும் விளக்கு மட்டும்தான் வேலைக்கு ஆகும்.

அடுத்தது, கிட்டத்தட்ட எல்லோரும் கவனிக்காமல் விடுவது: சீலிங் ஃபேன். இறக்கைக்கு மேலே ஏதாவது விளக்கு எரிந்தால், அல்லது கூரையில் பட்டு வெளிச்சம் திரும்பினால், சுற்றும் இறக்கை அதை வெட்டி வெட்டி அனுப்பும். கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும், கேமராவில் முகம் துடித்துக்கொண்டே இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தவும் முடியாது. ஆகவே எரியும் விளக்கெல்லாம் இறக்கை மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் டேபிள் ஃபேனைக் குறைந்த வேகத்தில், மைக்கில் காற்று படாத பக்கம் வையுங்கள்.

4. அறையில் எரியும் விளக்குகளை அணையுங்கள்

இப்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்காருங்கள். இது தேவையில்லாத வேலை போலத் தோன்றும், தவிர்க்காதீர்கள்.

சுவரில் உயரே மாட்டியிருக்கும் டியூப் லைட் மேலிருந்து கீழே அடிக்கும். கண்குழி, மூக்குக்கு அடி, தாடைக்கு அடி எல்லாம் கறுத்துப்போகும். அதோடு, டியூப் வெண்ணீலமாகவும் நீங்கள் புதிதாக வைக்கும் பல்பு மஞ்சளாகவும் இருந்தால் கேமரா எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது எனத் தெரியாமல் மாறி மாறி நிறத்தைத் திருத்தும். ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம் என்று வருவதற்குக் காரணம் இந்தக் கலப்புதான். உங்கள் முகத்தில் படும் எல்லா விளக்கும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

5. முதன்மை விளக்கு

இப்போது கடைக்குப் போகலாம்.

முதலில் நிறம். பெட்டியில் கெல்வின் கணக்கில் எழுதியிருக்கும். 2700 முதல் 3000 வரை மஞ்சள், 4000 இயல்பான வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் கடைகளில் கேட்டதும் எடுத்துத் தருவது 6500தான். பகலில் ஜன்னலோடு சேர்த்துப் பயன்படுத்துவீர்கள் என்றால் அதுவே பொருந்தும். இரவு மட்டும்தான் என்றால் 4000 கேட்டுப் பாருங்கள்; தோலுக்கு இதமாக இருக்கும். எதுவானாலும் இரண்டு பல்பும் ஒரே கம்பெனி, ஒரே வகையாக இருக்கட்டும். 6500 என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சாயல் மாறும்.

அடுத்து சி.ஆர்.ஐ. என்ற எண். பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது, அதிகபட்சம் 100. 80க்குக் குறையக் கூடாது. சேலை, நகை, கேக் விற்பவர்கள் 90க்கு மேல் தேடிப் பிடியுங்கள். லைவில் மெரூனாகத் தெரிந்த சேலை வீட்டுக்குப் போனதும் பிரவுனாக இருந்தால் திரும்பி வருவது சேலை மட்டுமில்லை, வாடிக்கையாளரின் கோபமும்தான்.

மூன்றாவது, துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. மலிவான எல்.இ.டி. பல்பு நொடிக்கு 100 முறை மங்கிப் பளிச்சிடும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் குறுக்குக் கோடுகளாக ஊர்ந்து போகும். கடையிலேயே பல்பை எரியவைக்கச் சொல்லி, போனின் ஸ்லோ மோஷனில் ஐந்து விநாடி எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் ஏறி இறங்கினால் வேறு பல்பு கேளுங்கள். பல்பைப் போட்டுக் காட்டித்தானே தருகிறார்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை.

9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும். உட்கார்ந்து பேச இரண்டு போதும். நின்றுகொண்டு சேலை விரித்துக் காட்டுபவர்கள் பல்புக்குப் பதில் நான்கடி நீள 20 வாட் எல்.இ.டி. டியூப் வாங்கி, செங்குத்தாகப் பிடித்துக் கட்டுங்கள். தலை முதல் கால்வரை ஒரே சீராக வெளிச்சம் விழும். பல்பு வைத்தால் முகம் வெளுத்துப் பாதம் இருட்டில் போய்விடும்.

ஹோல்டர்களை ஒரு மரப்பலகையில் ஓர் அடி இடைவெளியில் பொருத்துங்கள். ஒயர் இணைப்பு பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். பலகையை ஸ்டூலில் வைத்த நாற்காலியில் சாய்த்து நிறுத்தாதீர்கள். நடுவில் சரிந்தால் பல்பும் போகும், லைவும் போகும். ஜன்னல் கம்பியிலோ கனமான அலமாரியிலோ கயிற்றால் கட்டுங்கள்.

இனி வைக்கும் இடம். போனை நேராகப் பார்த்து உட்காருங்கள். ஒரு கையை முன்புறத்துக்கும் பக்கவாட்டுக்கும் நடுவில் சாய்வாக நீட்டுங்கள். அந்தத் திசையில், கண் மட்டத்துக்கு ஓர் அடி உயரத்தில், முகத்திலிருந்து மூன்றடி தூரத்தில் விளக்கு வர வேண்டும். போனுக்கு நேர் பின்னால் வைத்தால் முகம் தட்டையாகத் தெரியும். கண் மட்டத்துக்குக் கீழே போனால் நிழல் மேல்நோக்கி விழுந்து முகம் பயமுறுத்தும்.

தூரத்தை லேசாக நினைக்காதீர்கள். விளக்கை ஆறடியிலிருந்து மூன்றடிக்குக் கொண்டுவந்தால் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். வெளிச்சம் போதவில்லை என்று தோன்றினால் பல்பைக் கூட்டும் முன் பக்கத்தில் கொண்டுவாருங்கள். செலவில்லாத வழி இதுதான்.

கடைசியாக, வேட்டி. பல்பு வெறுமனே எரிந்தால் நிழல் கத்தி வெட்டியதுபோல் விழும், மூக்கு நுனியும் நெற்றியும் பளபளக்கும். ஏனென்றால் முகத்திலிருந்து பார்க்கும்போது பல்பு ஒரு சின்னப் புள்ளி. விளக்கின் பரப்பு பெரிதாகத் தெரியத் தெரிய நிழலின் ஓரம் கரையும். அதற்காகத்தான் பல்புக்கும் உங்களுக்கும் நடுவில் கொடி கட்டி வேட்டியைத் தொங்கவிடுகிறோம். அப்போது வேட்டி முழுவதும் விளக்காகிவிடும். பல்பிலிருந்து துணி ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். மிக அருகில் கட்டினால் நடுவில் மட்டும் வெள்ளை வட்டம் விழும், கட்டிய பலன் கிடைக்காது. சூட்டுக்கும் அது நல்லதில்லை. பழைய ஹாலஜன் விளக்கின் முன்னால் ஒருபோதும் துணி கட்டாதீர்கள், தீப்பிடிக்கும்.

துணி கணிசமான வெளிச்சத்தைத் தடுக்கும். மடித்துப் போடாமல் ஒற்றையாகப் போடுங்கள். சிலர் நீலம் போட்ட வேட்டியைக் கட்டிவிட்டு முகம் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். துணியின் நிறம்தான் வெளிச்சத்தின் நிறம். பழுப்பேறியதும் வேண்டாம்.

சரியாக வந்ததா என்று பார்க்க இரண்டு அடையாளங்கள்: மூக்கின் நிழல் மறுகன்னத்தின் பக்கம் லேசாகச் சரிந்து, உதட்டைத் தொடாமல் நிற்க வேண்டும். இரண்டு கண்ணிலும் ஒரு வெளிச்சப் பொட்டு தெரிய வேண்டும். பொட்டு இல்லையென்றால் விளக்கு அதிக உயரத்தில் இருக்கிறது, இறக்குங்கள்.

6. பகலில் என்றால் ஜன்னல்

ஜன்னல் எப்போதும் உங்களுக்கு முன்னாலோ சாய்வாகவோ இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கரிக்கட்டையாகிவிடும்.

வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர் வெயில் வராது என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். அது அவர்கள் ஊருக்கு. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8 டிகிரியில். ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்கில்தான் இருக்கும். உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுத்துவிடும், காலையிலும் மாலையிலும் சாய்வாக உள்ளே வந்துவிடும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் வெள்ளைத் திரை வேண்டும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு இருந்தால், அல்லது ஜன்னலையொட்டி வாழை நின்றால், உள்ளே வரும் வெளிச்சமே பச்சையாக இருக்கும். ரப்பர் இலை உதிரும் தை, மாசியில் அதே ஜன்னல் திடீரென்று வெளுப்பாகிவிடும். கடற்கரைப் பக்கம் இந்தத் தொல்லை இல்லை.

நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. மேகம் நகரும் நாளில் ஜன்னலை மட்டும் நம்பினால் படம் இருண்டு வெளுத்து ஆடும். அந்த நாள்களில் ஜன்னலை மூடிவிட்டு, இரவு அமைப்பையே போட்டுவிடுங்கள்.

7. மறுபக்கத்துக்குத் தெர்மாகோல்

விளக்கு படாத கன்னம் இருட்டாக இருக்கும். அங்கே இன்னொரு பல்பு வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். இரு பக்கமும் சமமாக அடித்தால் மூக்குக்கு இரண்டு நிழல் விழும். தெர்மாகோல் அட்டையை அந்தப் பக்கம், கேமராவில் விழாமல், முடிந்தவரை முகத்துக்கு அருகில் நிறுத்துங்கள். விளக்கின் வெளிச்சமே திரும்பி வருவதால் நிறமும் மாறாது. நிழல் முழுக்கப் போக வேண்டியதில்லை, மெலிந்தால் போதும்.

8. பின்னணி

கறுத்த முடி கறுத்த பின்னணியில் கரைந்துபோகும். பின்னால் ஒரு ஓரத்தில், கேமராவுக்குத் தெரியாமல், சுவரைப் பார்த்து ஒரு சின்ன பல்பு வைத்தால் தலை பிரிந்து தெரியும். இது மட்டும் மஞ்சளாக இருக்கலாம், முகத்தில் படாததால். முகத்தைவிடப் பின்சுவர் வெளிச்சமாகிவிடக் கூடாது.

டிசம்பரில் பின்னால் நட்சத்திரமும் சீரியல் செட்டும் தொங்கவிட ஆசை வரும். மலிவான சீரியல் செட் கேமராவில் கண்டபடி துடிக்கும். ஒருமுறை பதிவு செய்து பார்த்துவிட்டுத் தொங்கவிடுங்கள்.

9. கேமராவைப் பூட்டுங்கள்

விளக்கு முழுவதும் அமைந்த பிறகுதான் இது. திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால், வெள்ளைச் சேலையை விரித்ததும் கேமரா படத்தை இருட்டாக்கும், கறுப்புச் சேலையை எடுத்ததும் வெளுப்பாக்கும். பூட்டிய பின் வெளிச்ச அளவைச் சற்றே குறையுங்கள். கொஞ்சம் இருண்ட முகத்தில் விவரம் இருக்கும். வெளுத்துப்போன நெற்றியில் எதுவும் இருக்காது.

செட்டிங்கில் மின்துடிப்பைத் தடுக்கும் தேர்வு இருந்தால் 50 ஹெர்ட்ஸில் வையுங்கள். சில வெப்கேமராக்கள் 60இல் வரும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரத்தை, கையால் மாற்ற முடிந்தால் 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள், துணியின் நெசவையும் சேர்த்து அது வழித்துவிடும். லைவ் செயலியிலேயே பூட்டும் வசதி இல்லையென்றால், கட்டத்துக்குள் வெளிச்சமான பொருள் வந்து போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

10. கண்ணாடி, நகை, சமையல்

மூக்குக்கண்ணாடியில் விளக்கு மின்னினால் விளக்கை இன்னும் உயர்த்தி, பக்கவாட்டில் நகர்த்துங்கள். ரிங் லைட்டில் இரண்டு கண்ணிலும் வளையம் விழுவது அது கேமராவைச் சுற்றியே இருப்பதால்.

நகை, கவரிங் காட்டுபவர்களுக்கு வெறும் பல்பு எதிரி. பளபளப்பான பொருள் தன்னைச் சுற்றி இருப்பதையே காட்டும். வேட்டித் திரையைப் பக்கத்தில் கொண்டுவந்து, மறுபக்கம் தெர்மாகோலை ஒட்டி நிறுத்தினால் பொன் நிறம் சீராகத் தெரியும். கல் மின்ன வேண்டுமென்றால் மட்டும் தூரத்தில் ஒரு சின்ன பல்பு.

அடுப்பை மேலிருந்து காட்டும்போது விளக்கு பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வரட்டும். ஆவியும் தாளிப்பும் தெரியும். துணித்திரையை அடுப்பங்கரைக்குள் கொண்டுவராதீர்கள்.

11. மின்வெட்டுக்கும் உப்புக்காற்றுக்கும் முன்னேற்பாடு

இன்வெர்ட்டர் இருந்தால் விளக்கு, நெட் ரூட்டர் இரண்டையும் அதில் சேருங்கள். விளக்கு மட்டும் எரிந்து நெட் போனால் என்ன பயன்? இன்வெர்ட்டர் இல்லையென்றால் பவர் பேங்கில் எரியும் சின்ன யு.எஸ்.பி. விளக்கு ஒன்று கைவசம் இருக்கட்டும். பேட்டரி உள்ள எமர்ஜென்சி பல்பு கரண்ட் போனதும் மங்கலாகத்தான் எரியும், நேரமாக ஆக இன்னும் மங்கும்.

குளச்சல், முட்டம் போலக் கடலையொட்டி இருப்பவர்கள் போன் ஸ்டாண்டின் திருகுகளையும் ஹோல்டரின் பித்தளை முனைகளையும் மாதம் ஒருமுறை பாருங்கள். முனையில் பச்சை படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். பல்பு விட்டுவிட்டு எரிந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். பிளக்கை உருவிவிட்டுத் துடையுங்கள். தரையில் போகும் ஒயரை டேப் போட்டு ஒட்டுங்கள், குழந்தைகள் ஓடும் வீடு என்றால் கட்டாயம்.

12. ஒத்திகை

நீங்கள் மட்டும் பார்க்கும்படி ஒரு லைவ் போட்டு, இன்னொரு போனில், மொபைல் நெட்டில் பாருங்கள். உங்கள் போன் திரையில் தெரிவது கேமராவின் படம். வாடிக்கையாளருக்குப் போவது சுருக்கப்பட்ட படம். பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள். போன் சூடேறுகிறதா, வியர்வையில் நெற்றி மின்னுகிறதா என்பதெல்லாம் அதற்குள் தெரியும். வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று மூன்று துணியைக் கேமராவுக்குக் காட்டி, கையில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிடுங்கள்.

திருப்தியாக வந்ததும் நாற்காலி, ஸ்டாண்ட், விளக்கு ஆகியவற்றின் இடத்தைத் தரையில் டேப்பால் குறித்துவிட்டு, முழு அமைப்பையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஹாலை வீட்டாருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த நாள் ஐந்து நிமிடத்தில் மறுபடி அமைத்துவிடலாம். லைவில் வருமானம் வரத் தொடங்கிய பிறகு ஒன்றை மாற்றுவதானால் முதன்மை விளக்கை மாற்றுங்கள்: வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற, சி.ஆர்.ஐ. 95க்கு மேல் உள்ள எல்.இ.டி. பேனல். வேட்டியும் தெர்மாகோலும் அப்போதும் அதே இடத்தில்தான் இருக்கும்.